நகக்கண்ணில் நீலம்

டூங்காபியில் நாற்பத்தொரு பாகை.
கராஜ் கதவைப் பாதிக்கு உயர்த்தி
காலி வாளியொன்றை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
காரை வெயிலில் நிறுத்தியதற்கு
வாகீசன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்ரிலிக் யாருக்கும் காத்திருக்காது.
தட்டில் பிதுக்கிய அல்ட்ராமரின்
யோசித்து முடிப்பதற்குள் ஆடை கட்டிவிடுகிறது,
ஆறிய பாலைப்போல.
உடுப்பு ஸ்திரி போடும்போது விசிறுகிற போத்தலால்
தண்ணீர் விசிறினேன். போதவில்லை.
ஆகவே யோசிப்பதை விட்டேன்.
இதை யாரும் தத்துவமாக்க வேண்டாம்.
வெக்கை, அவ்வளவுதான்.

முதல் கீறல் எங்கிருந்து வந்தது என்றால்
தோள்மூட்டிலிருந்து.
இரண்டாவது, முதலாவதோடு கோபித்துக்கொண்டு.
மூன்றாவதை
காலாவதியான ஓப்பல் அட்டையால் இழுத்தேன்.
எத்தனை நிலையங்களில் பீப் என்ற அட்டை,
இப்போது வெறும் விளிம்பு.

பகலில் என் வேலை
பிறர் சொன்னதைச் சொல்வது.
கூட்டக்கூடாது குறைக்கக்கூடாது
அழகுபடுத்தவே கூடாது.
அவர் "எனக்கு நெஞ்சு எரியுது" என்றால்
நானும் "எனக்கு" என்றே சொல்லவேண்டும்.
போன செவ்வாய்க்கிழமை மட்டும்
எனக்கு இரண்டு சிறுநீரகக் கல்,
ஒரு விவாகரத்து,
கட்டாத மின்கட்டணம் எண்ணூற்றுப் பன்னிரண்டு டொலர்.
எனக்கென்று ஏதும் கேட்க வந்தால்
"மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார்" என்று
என்னையே படர்க்கையில் நிறுத்திவிட்டுக்
கேட்கவேண்டும்.
விதி.

இங்கே கூட்டலாம்.
ஒரு செம்மஞ்சளைக் கூட்டினேன்,
இடது மூலையில், கட்டைவிரலால்.
யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றுமளவுக்கு
அவ்வளவு சரியாக விழுந்தது.
அங்கேதான் சிக்கல்.
அதைக் காப்பாற்றுவதற்காக மற்ற நிறமெல்லாம்
விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைகள்போல
கைகட்டி நின்றன.
முக்கால் மணிநேரம் அதையே சுற்றிச் சுற்றி வந்தேன்.
பிறகு டைட்டேனியம் வெள்ளையை
அகலத் தூரிகையில் அள்ளி
அதன் மேலேயே

ஐயோ என்றது வாயா கையா தெரியாது.

வெள்ளை காயுமுன்
அட்டையின் மூலையால் சுரண்டினேன்.
உள்ளிருந்து செம்மஞ்சள்
நூலளவுக்கு எட்டிப் பார்த்தது.
அதற்குப் பிறகுதான் மற்றவை பேசத் தொடங்கின,
எனக்குத் தெரியாத ஏதோ மொழியில்.
பெயர்த்துச் சொல் என்று
யாரும் கேட்கவில்லை.

ஐஸ்பழத்தோடு வந்த ஆரபி கேட்டாள்,
"இதில் எது மேல்பக்கம்?"
நல்ல கேள்வி.
நான்கு பக்கமும் திருப்பி வைத்துப் பார்த்தோம்.
மூன்றாவதில் அவள் "ம்" என்றாள்.
கன்வஸில் ஒரு சொட்டுச் சிவப்பு.
அது ஐஸ்பழம். துடைக்கவில்லை.

மறுநாள் ஒன்பதரைக்கு வெஸ்ட்மீட்,
நீரிழிவுப் பிரிவு.
அவருடைய பெயரை நான் சொல்லக்கூடாது.
மருத்துவர் திரையில் எதையோ தேடிய இடைவெளியில்
அவர் என் கையைப் பார்த்தார்.
"உதென்ன, உங்கட நகத்திலை நீலம்?"

அறையில் எது பேசப்பட்டாலும் பெயர்க்கவேண்டும்.
பெயர்த்தேன்.
மருத்துவர் தன் நகங்களைத் திருப்பிப் பார்த்தார்.

"மொழிபெயர்ப்பாளருடைய நகம்" என்றேன்.
இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.
இந்தக் கதிரையில் இருக்கிறவளை
அப்போதுதான் கண்டதுபோல.

"பெயின்ற்."
இரண்டு மொழிக்கும் ஒரே சொல் போதுமாயிருந்தது.
"என்ன படம் கீறினனீங்கள்?"

முறைப்படி முதலில் கேள்வியை ஆங்கிலத்தில் வைத்தேன்.
பிறகு பதிலை, இரண்டிலும்:
"எனக்கு இன்னும் தெரியேல்லை."

அந்த "எனக்கு"
யாருடையதென்று தெரியாமல்
மேசைக்கு மேலே கொஞ்சநேரம் நின்றது.
மருத்துவர் தட்டச்சுக்குத் திரும்பினார்.
அவருடைய கோப்பில்
அதையும் சேர்த்துவிட்டாரோ என்னவோ.